ஹோர்ட்டன் சமவெளியில் மரக்கன்றுகளின் நுனி காணாமல் போவது: உறைபனியா, மரையா?

இலங்கையின் மலைநாட்டில் உள்ள ஹோர்ட்டன் சமவெளியில் நீங்கள் நட்ட மரக்கன்றுகளின் நுனி காணாமல் போகிறது, காரணம் உறைபனியா, மரை என்ற பெரிய காட்டு மானா (கடமான்) என்று கேட்டிருக்கிறீர்கள். நுனியே இல்லாமல் போனால் அது உறைபனியின் வேலை இல்லை, ஏதோ மேய்ந்திருக்கிறது. புல்வெளி ஓரத்தில் நட்ட கன்றுகள் என்கிறீர்கள், அங்கே முதல் சந்தேகம் மரை மேல்தான்.

கடிபட்ட இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மரைக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, இழுத்துக் கிழிக்கும். தண்டு நார் நாராகப் பிய்ந்திருக்கும். முயல் கடித்தால் கத்தியால் சீவியதுபோல் சாய்வாக, சுத்தமாக இருக்கும். உறைபனி பட்ட இலை கருகும், ஆனால் செடியிலேயே தொங்கும்.

அப்புறம், பாதிக் கன்றுகளைச் சுற்றிக் கம்பிவலை அடித்துப் பாருங்கள். மீதியைத் திறந்தே விடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றுமே இருக்காது. வலைக்குள்ளும் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் கன்று கருகலாம். அதைத் தனியாகக் குறியுங்கள்.

தேசியப் பூங்கா அது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி கைக்கு வரும்வரை ஒரு கம்பிகூட ஊன்ற வேண்டாம்.