சுயசார்பு வாழ்வு மையங்களுக்குத் தனிப்பயிற்சி எதற்கு?

மாற்றுத்திறனாளிகளே நடத்தும் சுயசார்பு வாழ்வு மையங்களுக்கு அமெரிக்க அரசு எதற்காகப் பயிற்சி அளிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடிய எட் ராபர்ட்ஸும் அவருடைய தோழர்களும் 1972இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய மையத்தை முன்மாதிரியாகக் கொண்ட இவ்வமைப்புகளுக்கு, மறுவாழ்வுச் சட்டத்தில் 1978இல் செய்யப்பட்ட திருத்தம் கூட்டாட்சி நிதிக்கு வழி திறந்தது. நிதியோடு கடமைகளும் வந்தன. நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் கடுமையான குறைபாடு உடையவர்களாக இருக்க வேண்டும்; தகவல் உதவி, வாழ்க்கைத் திறன் பயிற்சி, மாற்றுத்திறனாளி ஒருவரே மற்றவருக்குத் தரும் ஆலோசனை, உரிமைக்காகக் குரல் கொடுத்தல் ஆகியவற்றை வழங்க வேண்டும்; காப்பகங்களில் இருப்போர் வெளியேறிச் சமூகத்தில் வாழ உதவுவதும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமானது.

சொந்த அனுபவம் ஆலோசனை வழங்கப் பெருந்துணை. ஆனால் வரவுசெலவுக் கணக்கு, ஆண்டறிக்கை, மாநில அளவிலான சுயசார்பு வாழ்வுத் திட்டம் வகுத்தல் ஆகியவற்றுக்கு அது மட்டும் போதாது. ஆகவேதான் மையங்களுக்கான ஒதுக்கீட்டில் 1.8 முதல் 2 விழுக்காடு வரை பயிற்சிக்கும் தொழில்நுட்ப உதவிக்கும் எனச் சட்டமே பிரித்து வைக்கிறது. எவற்றில் பயிற்சி தேவை என்பதை மையங்களிடமே கேட்டறிய வேண்டும் என்றும் அது விதிக்கிறது. என் பார்வையில், இந்த ஏற்பாட்டில் மிகவும் மதிக்கத்தக்க பகுதி இதுவே. வகுப்புகளைக் காட்டிலும், புதிய இயக்குநர் ஒருவருக்கு வேறொரு மையத்தின் அனுபவமுள்ள இயக்குநர் வழிகாட்டுவதுதான் கூடுதல் பயன் தரும் என்றும் கருதுகிறேன்.