கூடை நிறைய மீன், ஆனால் ஆறு?

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் காவிரியில் வலை வீசினால் கூடை நிறைய ஜிலேபி மீன்தான். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்?

பதில்: அவசரப்படாதீர்கள். எடையை விட்டுவிட்டு வகைகளை எண்ணுங்கள். 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, கழிவு கலந்த நீரிலும் பெருகும். விராலும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். இவை மட்டும் மிஞ்சினால் கவலைப்பட வேண்டியதுதான். பாறையில் ஒட்டிப் பாசி மேயும் சிறுமீன்கள் உண்டா என்று பாருங்கள். வண்டல் மூடினால் அவற்றுக்கு இரையே இல்லை.

நீரில் கரைந்த ஆக்சிஜனை விடியுமுன் அளக்க வேண்டும். பகலில் பாசியின் ஒளிச்சேர்க்கை அளவைக் கூட்டிக் காட்டி ஏமாற்றிவிடும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் திணறும். கழிவு ஆற்றில் சேரும் இடத்துக்கு முன்பும், நீரோட்டத்தில் அதைத் தாண்டியும் ஒரே கண்ணளவு வலையை, ஒரே நேர அளவுக்குப் போட்டு ஒப்பிடுங்கள்.