வேலை போன நேரத்தில் வீட்டுக் கடனை அடைக்கலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் 11 ஆண்டு 8 மாதம் வேலை பார்த்தேன். சென்ற மாதம் ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. கைக்கு வந்த சம்பளம் 58,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 28,000. கணக்கு முடித்து 4,10,000 ரூபாய் கொடுத்தார்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) 1,77,692 அதற்குள் அடக்கம். பிஎஃப்பில் 7,60,000 இருக்கிறது. வீட்டுக் கடன் பாக்கி 14,20,000 (வட்டி 8.4 சதவீதம், தவணை 19,400). தனிநபர் கடன் பாக்கி 1,40,000 (தவணை 6,800). ஏலச்சீட்டுக்கு மாதம் 5,000 கட்டுகிறேன், இன்னும் எடுக்கவில்லை. வீட்டுச் செலவு 24,000. மனைவி தையலில் 9,000 சம்பாதிக்கிறார். அவரிடம் 22 பவுன் நகை இருக்கிறது. எனக்கு நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. பிஎஃப் பணத்தையும் எடுத்து 10 லட்சத்தை வீட்டுக் கடனில் கட்டிவிடு, பாரம் குறையும் என்கிறார் மைத்துனர். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். உங்கள் மைத்துனர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். சம்பளம் வந்துகொண்டிருந்தால் நானும் அதை யோசித்துப் பார்க்கச் சொல்லியிருப்பேன். இப்போது உங்களுக்குத் தேவை கடன் குறைவது அல்ல, கையில் ரொக்கம் இருப்பது. அசலில் பெரிய தொகையைக் கட்டினால் வங்கிகள் வழக்கமாகக் கடனின் காலத்தைத்தான் குறைக்கும். தவணை அப்படியே இருக்கும். லட்சக்கணக்கில் கட்டிய பிறகும் அடுத்த மாதம் 19,400 கேட்பார்கள். அப்போது கையில் பணம் இருக்காது. சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வங்கி புதுக் கடனும் எளிதில் தராது.

பிஎஃப் முழுவதும் உடனே கைக்கு வரவும் வராது. முதலில் 75 சதவீதம்தான், அதாவது 5,70,000. மீதிக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை 2 மாதத்திலிருந்து 12 மாதமாக்க 2025 அக்டோபரில் பிஎஃப் அறங்காவலர் குழு முடிவெடுத்தது. அந்த 5,70,000த்தோடு செட்டில்மென்டில் வந்த 4,10,000ஐயும் துடைத்துப் போட்டாலும் 9,80,000தான் தேறும். 2024-25க்கு பிஎஃப் வட்டி 8.25 சதவீதம், உங்கள் கடன் வட்டி 8.4. இந்தச் சிறு வித்தியாசத்துக்காக ஓய்வுக்காலப் பணத்தைக் கரைப்பது எனக்கு உடன்பாடில்லை. நாளை கடன் கொடுத்தவர் எவரும் நீதிமன்றம் போய்க்கூட பிஎஃப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது. அந்தப் பாதுகாப்பு சேமிப்புக் கணக்குக்குக் கிடையாது. பிஎஃப் கணக்கில் நீங்கள் வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 10 ஆண்டு சேவை கடந்துவிட்டதால் ஓய்வூதியப் பங்கை மொத்தமாக எடுக்க முடியாது. 58 வயதில் ஓய்வூதியமாக வரும். அதை எடுத்துத் தருகிறேன் என்று கமிஷன் கேட்டு வருபவர்களை நம்பாதீர்கள்.

இனி கையிலிருக்கும் பணத்தை மாதங்களாக எண்ணுங்கள். வீட்டுச் செலவு, இரண்டு தவணைகள், சீட்டு எல்லாம் சேர்த்து 55,200. மனைவியின் வருமானம் போக 46,200 துண்டு விழுகிறது. 4,10,000 ரூபாய் ஒன்பது மாதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். தனிநபர் கடனை இப்போதே அடைத்தால் தவணை நிற்கும்; ஆனால் மீதமுள்ள 2,70,000 ஏழு மாதம்கூட வராது. வட்டி அதிகம் என்பது உண்மைதான். இருந்தும், வேலை தேட உங்களுக்கு இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைப்பதே பெரிது. அந்தத் தவணையைத் தொடர்ந்து கட்டுங்கள்.

சீட்டை நிறுத்தலாம். பதிவுபெற்ற சீட்டு என்றால் உங்கள் இடத்தில் வேறொருவரைச் சேர்க்கும்படி நடத்துபவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதற்றத்தில் பெரிய தொகையைக் கழிவாக விட்டுக்கொடுத்து ஏலம் எடுத்துவிடாதீர்கள். எடுத்த பிறகு கடைசி மாதம்வரை கட்டியே ஆக வேண்டும். வீட்டுச் செலவில் 4,000 குறைத்தால் மாதத் தேவை 37,200 ஆகிவிடும். மருத்துவக் காப்பீட்டுக்கு 30,000 ஒதுக்கிய பிறகும் பத்து மாதம் தாராளமாக ஓடும். 37,200ஐ நினைவில் வைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போங்கள். பழைய 58,000 கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கைக்கு 38,000 வரும் வேலை அமைந்தாலே சேமிப்பு கரைவது நின்றுவிடும். அங்கிருந்தபடி நல்ல வேலை தேடலாம்.

காப்பீட்டைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் கவனிக்க வேண்டும். நீங்கள் புதிதாக ஒரு பாலிசி எடுத்தால், சர்க்கரை நோய் தொடர்பான சிகிச்சைக்கு மூன்று ஆண்டுவரை காத்திருக்கச் சொல்லலாம். நிறுவனத்தின் குழுக் காப்பீட்டை நடத்திய அதே காப்பீட்டு நிறுவனத்திடம் குடும்பத்துக்கான தனிப் பாலிசியாக மாற்றித் தரக் கேட்டால், குழுவில் கழித்த ஆண்டுகளும் கணக்கில் சேரும். குழுக் காப்பீடு முடியும் முன்பே விண்ணப்பியுங்கள். மாதக் கடைசிவரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே பேசுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஓர் ஆறுதல்.

வந்த பணத்தில் ஒரு லட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். மீதியை ஒரே வைப்பாகப் போடாமல் மூன்று குறுகிய கால வைப்புகளாகப் பிரித்துப் போட்டால், தேவைப்படும்போது ஒன்றை மட்டும் உடைக்கலாம். பங்குச் சந்தைப் பக்கம் இந்தப் பணத்தைக் கொண்டுபோகாதீர்கள். செட்டில்மென்ட் வந்த செய்தி தெரிந்தால் கைமாற்று கேட்டும் சொந்தபந்தம் வரும். இல்லை என்று சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்லுங்கள். இது உங்கள் குடும்பத்தின் சாப்பாட்டுப் பணம்.

ஆறு மாதம் கடந்தும் வேலை அமையவில்லை என்றால், தவணை தவறும் முன்பே வங்கி மேலாளரைப் பார்த்துக் கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க எழுத்தில் கேளுங்கள். 90 நாள் பாக்கி விழுந்தால் அது வாராக்கடன். அதற்குப் பிறகு பேச்சின் தொனியே மாறிவிடும். இப்படிக் காலத்தை நீட்டுவது மறுசீரமைப்பு என்று கடன் அறிக்கையில் பதிவாகுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நகை அதற்கடுத்த நிலை. அது உங்கள் மனைவியுடையது, முடிவும் அவருடையதாக இருக்கட்டும். அடகு வைப்பதானால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே கடனில் போடாமல் சிறு சிறு கடன்களாக வைத்தால் ஒவ்வொன்றாக மீட்கலாம். கிரெடிட் கார்டும் உடனடிக் கடன் செயலிகளும் எந்த நிலையிலும் வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் பணிக்கொடையில் தவறு இருக்கிறது. 11 ஆண்டுக்கு மட்டும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட காலத்தை முழு ஆண்டாக எடுக்க வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு 12 ஆண்டு: 28,000ஐ 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, 12ஆல் பெருக்கினால் 1,93,846 ரூபாய். 16,154 ரூபாய் குறைவாகக் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கைக் காட்டி மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையில் பணிக்கொடை வழக்குகளைப் பார்க்கும் அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். நியமன ஆணை, கடைசிச் சம்பளச் சீட்டு, பணிவிடுப்புக் கடிதம் மூன்றின் நகலையும் இணையுங்கள்.