ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தா?

கேள்வி: காதல், விசுவாசம், மோதல் எல்லாம் இருக்கற உலகப்படம் ஒண்ணு சொல்லுங்களேன், வெறும் அழுகாச்சியா இருக்கக்கூடாது.

பதில்: யோசிக்காம ஈரானியப் படம் 'எ செபரேஷன்' (2011) பாருங்க, அஸ்கர் ஃபர்ஹாதி எடுத்தது, ஆஸ்கர் வாங்குன படம். மக எதிர்காலத்துக்காக நாட்டை விட்டுப் போயிடணும்ங்கறா மனைவி சிமின், அல்சைமர்ங்கற மறதி நோய் வந்த அப்பாவை விட்டுட்டு வரமாட்டேன்ங்கறான் புருஷன் நாதர், யாரைத் தப்பு சொல்றதுனே தெரியாம நமக்குத்தான் நெஞ்சு அடைக்கும். முதல் சீன்ல விவாகரத்து கேஸ், கேமரா ஜட்ஜ் இடத்துல இருக்கும், ரெண்டு பேரும் நம்மளப் பார்த்தே வாதாடுவாங்க. நீ மகன்னு அவருக்குத் தெரியுமானு அவ கேட்பா, அவர் என் அப்பானு எனக்குத் தெரியுமேன்னு பட்டுனு சொல்வான் பாருங்க, அந்த ஒரு பதிலுக்கே இந்தப் படத்தை எத்தனை தடவை வேணா பார்க்கலாம்! அப்புறம் டைம் இருந்தா ஹாங்காங் டைரக்டர் வாங் கர்-வாயோட 'இன் தி மூட் ஃபார் லவ்' (2000), அதுல துரோகம் பண்ண ரெண்டு பேர், அதாவது ஹீரோவோட மனைவி, ஹீரோயினோட புருஷன் முகத்தையும் காட்டவேமாட்டார்.