வெள்ளைப்படுதல்: அரிப்புக்கு ஒரு மருந்து, வாடைக்கு வேறு மருந்து

கேள்வி: எனக்கு 36 வயது. மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பு பிறப்புறுப்பில் கடுமையான அரிப்பு. திரிந்த பால் போலத் திட்டுத்திட்டாக வெள்ளை படுகிறது. மருந்துக்கடையில் தந்த களிம்பைப் போட்டால் இரண்டு நாளில் அடங்குகிறது, பிறகு திரும்புகிறது. இந்த ஆண்டில் இது நாலாவது முறை.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்த டியூபில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. அரிப்பு அடங்குவது அதனால்தான். ஆனால் ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்லாது. மாதக்கணக்கில் போட்டால் அங்குள்ள தோல் மெலிந்துவிடும். நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடலாம், அதற்குப் பயந்து மறுபடி தடவாதீர்கள்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சைத் தொற்று. எப்போதாவது வந்தால் குளோட்ரிமசோல் 500 மி.கி. மாத்திரை ஒன்றை இரவு படுக்கும்போது உள்ளே ஆழமாக வைப்பதோ, ஃபுளூகோனசோல் 150 மி.கி. ஒரு வேளை விழுங்குவதோ போதும். கர்ப்பிணிகள் ஃபுளூகோனசோல் விழுங்கக் கூடாது. அவர்களுக்கு உள்ளே வைக்கும் மருந்தே, அதுவும் ஏழு இரவுகள்.

ஒரே ஆண்டில் நாலு முறை என்பதால் உங்களுக்கு இது போதாது. மருத்துவரிடம் சொல்லி, கசிவை எடுத்துக் கல்ச்சர் (கிருமியை வளர்த்து வகை பார்க்கும்) பரிசோதனை செய்யுங்கள். கேண்டிடாவிலேயே சில வகைகள் ஃபுளூகோனசோலுக்கு மசியாது. மசியும் வகை என்றால் 1, 4, 7-ஆம் நாள்களில் ஒவ்வொரு ஃபுளூகோனசோல் மாத்திரை, அதன்பின் வாரம் ஒன்றாக ஆறு மாதம் எடுக்க வேண்டியிருக்கும். அரிப்பு நின்றதும் பாதியில் விட்டுவிடாதீர்கள். முழுக்க எடுத்தவர்களிலும் சிலருக்குப் பின்னர் திரும்புவதுண்டு.

சர்க்கரையையும் பாருங்கள்: வெறும் வயிற்றிலும், மூன்று மாதச் சராசரியும். ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்து டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் எடுக்கிறவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் பூஞ்சைக்குத் தீனி கிடைக்கிறது. கணவருக்கு அரிப்போ சிவப்போ இல்லையென்றால் அவருக்கு மருந்து தேவையில்லை.

கேள்வி: மாதவிலக்கு முடிந்ததும், உறவுக்குப் பிறகும் மீன் வாடை அடிக்கிறது. அரிப்பு இல்லை. தினமும் இன்டிமேட் வாஷ் விட்டு உள்ளேயும் கழுவுகிறேன். ஆனாலும் போகவில்லை.
– வாசகி, கோவை

பதில்: உள்ளே கழுவுவதை இன்றோடு விடுங்கள். லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலம் சுரந்து, பிறப்புறுப்பின் பி.எச். அளவை (அமிலத்தன்மையின் அளவு) 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கிறது. வாஷ், டெட்டால், உப்புத் தண்ணீர் எதை ஊற்றினாலும் அந்தக் காவல் குலைந்து, வாடை தரும் பாக்டீரியாக்கள் பெருகும். ரத்தமும் விந்தும் அமிலத்தைக் குறைப்பவை. அதனால்தான் நீங்கள் சொல்லும் இரண்டு சமயங்களிலும் வாடை எழுகிறது. வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும்.

இது பெரும்பாலும் பாக்டீரியல் வஜைனோசிஸ். இதற்குப் பூஞ்சை மருந்து பலிக்காது. மருத்துவர் எழுதித் தரும் மெட்ரோனிடசோல் 400 மி.கி., காலை, இரவு என ஏழு நாள். இது திரும்பத் திரும்ப வருவது கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தால் குறைகிறது. 2025-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த தம்பதிகளில் 63 சதவீதத்தினருக்கு 12 வாரத்துக்குள் திரும்பியது. இருவருக்கும் கொடுத்தபோது 35 சதவீதம்தான். கசிவு மஞ்சள்-பச்சையாக, நுரையோடு இருந்தால் டிரைக்கோமோனாஸாக இருக்கலாம். உறவால் பரவும் நோய் அது. இருவருக்கும் சிகிச்சை கட்டாயம். அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் இவற்றுக்கு இலவசமாக மருந்து தருகிறார்கள்.

கேள்வி: 15 வயது மகளுக்கு அடிக்கடி வெள்ளைபடுகிறது. உடம்பு உருகுகிறது என்கிறார் என் மாமியார்.
– வாசகி, மதுரை

பதில்: எதுவும் உருகவில்லை. இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவே முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடும் கசிவு வருவது, சினைப்பையிலிருந்து முட்டை வெளிவரும் காலத்தின் இயல்பு. பருத்தி உள்ளாடை, ஈரமானால் உடனே மாற்றுவது, மாதவிலக்கில் நாலு முதல் ஆறு மணிக்கொரு முறை நாப்கின் மாற்றுவது, இவ்வளவுதான் வேண்டும். அரிப்பு, வாடை, நிறமாற்றம், அடிவயிற்று வலி, காய்ச்சல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.