இருளர் குடியிருப்பும் ஆசிரியர் பரிமாற்றமும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தென் அமெரிக்க நாடான பொலிவியாவில் பழங்குடியினருக்காகத் தொடங்கப்பட்ட வரிசாத்தா பள்ளி பற்றியும், ஆசிரியரும் ஊராரும் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கும் பரிமாற்றம் பற்றியும் நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நான் கடலூர் மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை. நாங்கள் ஐந்து பேர் மாதம் ஒருமுறை கிள்ளைப் பக்கத்து இருளர் குடியிருப்புக்குச் சென்று மாலை வகுப்பு எடுக்கிறோம். இதைப் பரிமாற்றம் எனலாமா? அங்குள்ள அம்மா ஒருவரைப் பள்ளிக்கு அழைக்க விரும்பினேன். "படிக்காதவர் என்ன பாடம் நடத்துவார்?" என்கிறார்கள் சக ஆசிரியர்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாதந்தவறாமல் செல்கிறீர்கள் என்பதே மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் அந்த அம்மா உங்கள் வகுப்பறையில் நின்று பேசும் நாளில்தான் அது பரிமாற்றமாகும்.

எலிசார்டோ பெரெஸ் என்ற ஆசிரியரும் அவெலினோ சின்யானி என்ற ஐமாரா பழங்குடித் தலைவரும் சேர்ந்து 1931-இல் வரிசாத்தாவைத் தொடங்கியபோது, பள்ளியை வழிநடத்தும் பொறுப்பு ஊர்ப் பெரியவர்களின் அவையிடம் இருந்தது. வயலும் பட்டறையும் அங்கே வகுப்பறையோடு சேர்ந்தவையே. நிலவுடைமையாளர்களின் எதிர்ப்பு அதை முடக்கியது என்றாலும், பொலிவியாவின் 2010-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அவ்விருவர் பெயரையும் தாங்கியிருக்கிறது.

ஐமாராக்களின் மொழி வேறு என்பதால் அவர்களுக்கென ஓர் அறிவு மரபு உண்டு என்பது வெளியாருக்குப் புலப்பட வாய்ப்பிருந்தது. நம் பக்கத்து இருளர்கள் தமிழே பேசுவதால், அவர்களிடம் தனியாகக் கற்க ஏதுமில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். புதுச்சேரியில் அவர்கள் பட்டியல் பழங்குடியாக அறிவிக்கப்பட்டதே 2016-இல்தான்.

பிச்சாவரத்தில் ஒருமுறை, மார்பளவு நீரில் நின்ற ஓர் இருளர் அம்மா, பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைக் கூடையான பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதைக் கரையிலிருந்து நெடுநேரம் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விரல்நுனியால் அறிந்து, அது துள்ளுவதற்குள் பறிக்குள் போட்டுவிடுகிறார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீர் எதுவரை ஏறும், எங்கே கால் வைக்கலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கடல்நீர் ஏறி இறங்குவதைப் பற்றி நாம் படம் வரைந்து விளக்கும் ஓதங்கள் பாடம்தான் அது.

ஆகவே நீங்கள் அழைக்க விரும்பிய அம்மாவை அந்தப் பாடத்துக்கே அழையுங்கள். பயிற்சிகளுக்கு வரும் கருத்தாளருக்கு மதிப்பூதியம் தருவதுபோல அவருக்கும் தாருங்கள். அன்று அவர் இழப்பது ஒருநாள் வருமானம். சக ஆசிரியர்களையும் மாணவர்களோடு உட்கார வையுங்கள். அவர்களுடைய கேள்விக்கு அந்த அம்மாவே விடை சொல்லட்டும். தேதியை மட்டும் நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். ஓதம் பார்த்துத் தொழிலுக்குப் போகிறவர் அவர். எந்த நாள் தோதுப்படும் என்று முதலில் அவரிடமே கேளுங்கள்.

அன்புடன்