பழைய குடியிருப்பும் அதன் நோய்களும்: கேள்வி பதில்

கட்டடப் பராமரிப்பிலும் சுகாதாரப் பொறியியலிலும் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவன் நான். பழைய குடியிருப்புகளில் வசிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் தரைத்தள வீட்டில் முழங்கால் உயரம்வரை பூச்சு உதிர்கிறது. மூன்று முறை சிமென்ட் பூசிவிட்டோம். மகனுக்கு இரவில் இருமல் வேறு.

பதில்: சிமென்ட் பூசியதே நோயை வளர்த்திருக்கலாம். பழைய சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையால் எழுந்தவை. தரையிலிருந்து ஏறும் ஓதம் அந்தப் பூச்சின் வழியே ஆவியாகி வெளியேறிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் போக்கிடம் தேடி இன்னும் மேலே ஏறுகிறது. உப்புப் பூத்துப் பூச்சைத் தள்ளுகிறது.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் உங்கள் வீட்டுத் தரை தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறதா? சுவரை ஒட்டிச் சாக்கடையோ குழாயோ கசிகிறதா? உள்ளே ஓர் அலுமினியத் தாளை நான்கு ஓரமும் சுவரோடு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் வியர்த்தால் அது காற்றிலுள்ள ஈரம். சன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தால் குறையும். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது.

ஈரச் சுவரில் பூஞ்சை வளரும்; அது ஆஸ்துமாவைத் தூண்டும் என்பது உறுதி. ஆனால் உங்கள் மகனின் இருமலுக்குக் காரணம் அதுதானா என்பதை மருத்துவர் சொல்லட்டும். சுவரில் பூஞ்சை இருந்தால் அதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: மரச் சன்னல்களில் பல அடுக்குப் பழைய பெயின்ட். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தொடங்கியிருக்கிறோம். மனைவி கர்ப்பமாக இருக்கிறார்.

பதில்: இன்றே நிறுத்துங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயின்டில் அதற்குத் தடை வந்தது 1978இல்தான். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் பொருள் அது. இவ்வளவு இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவையும் அது சேரும். உலர்வாகத் தேய்ப்பதும் தீயால் சுட்டு உரிப்பதும் கூடவே கூடாது.

விழுந்த தூளைப் பெருக்காதீர்கள்; ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அந்த வேலையும் மனைவிக்கு வேண்டாம். சுத்தம் செய்து முடியும்வரை அவர் வேறு வீட்டில் இருப்பது நல்லது. ஈயம் இருக்கிறதா என்று அறிய ஒரு பெயின்ட் சில்லை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உதிராத இடத்தில் மேலே புதுப் பூச்சு அடித்து மூடலாம். திறந்து மூடும்போது உராயும் விளிம்புகளுக்கு அது போதாது.

கேள்வி: பூட்டியே கிடக்கும் குளியலறையில் சாக்கடை நாற்றம்.

பதில்: நாற்றத்தைத் தடுக்க வடிகாலின் வளைவில் நிற்கவேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளி ஊற்றுங்கள். பிறகும் நாறினால்தான் பிளம்பர்.

கேள்வி: கொட்டகையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கழற்றிவிடலாமா?

பதில்: உடையாமல் இருந்தால் தொடாதீர்கள். துளை போடவோ பிரஷ்ஷால் தேய்க்கவோ வேண்டாம். கழற்றியே தீரவேண்டுமானால் பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவைக் குறுக்குவழியாக்கி வண்டிகள் பறக்கின்றன. மரங்களை வெட்டி அகலப்படுத்தினால் நெரிசல் தீரும் என்கிறார்கள். சரியா?

பதில்: இல்லை. அகலப்படுத்தினால் வண்டிகள் இன்னும் வேகமாகப் போகும். இன்னும் பல வண்டிகள் அந்த வழிக்கு வரும். 1960களின் இறுதியில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்பு அறிஞர், சான் பிரான்சிஸ்கோவில் ஏறத்தாழ ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டார். போக்குவரத்து குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். நெரிசலான தெருவில் அந்தச் சராசரி ஒன்றைக்கூட எட்டவில்லை! இதையும் நான் சுகாதாரக் கணக்கில்தான் சேர்ப்பேன். தனியாக வாழும் முதியவர் இரண்டு நாளாக வெளியே வரவில்லை என்பதைக் கவனிப்பது அண்டை வீட்டார்தானே.

மரமோ நிழல் தருவதோடு இலை வழியே நீரை ஆவியாக்கிக் காற்றையும் குளிர்விக்கிறது. இன்று நட்ட கன்று அந்த வேலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே அகலப்படுத்தக் கேட்காதீர்கள், வேகத்தைக் குறைக்கக் கேளுங்கள். மனிதரும் வண்டிகளும் கலக்கும் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற வரம்பை சாலைப் பாதுகாப்பு பற்றிய உலக மாநாடு 2020இல் வெளியிட்ட ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்துகிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். அடிமரத்தைச் சுற்றிப் பூசிய கான்கிரீட்டையும் உடைத்தெடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான், ஐயா. வெளியே தோண்டிப் பார்த்தோம். கழிவுநீர்க் குழாய் விரிசல் விட்டிருக்கிறது. மாற்றியதும் பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். குழாயை மாற்றுங்கள், உள்பக்கச் சிமென்ட் பூச்சைக் கொத்தியெடுங்கள், சுவரைத் திறந்தபடி காயவிடுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது எங்கள் தொழிலில் சொல்லும் உத்தேசக் கணக்கு. உங்களுடையது ஒன்பது அங்குலச் சுவர் என்றால் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.